கடலிலும் ‘தொடாதே’ பலகை

மன்னார் வளைகுடாவில் 147 வகைக் கடற்பாசிகள் உண்டு என்று விஞ்ஞானிகள் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு ரொம்ப முன்னாலேயே மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பேர் சொல்லிப் பிரித்தெடுத்தவர்கள் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி எடுப்பார்கள். மரிக்கொழுந்து அகர் ஆகிறது. 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதோடு இந்தப் பெண்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். வனத்துறை பிடித்தது, அபராதம் போட்டது.

வெளியிலிருந்து வந்த பாசிக்கோ தனி மரியாதை. கப்பாஃபைகஸ் என்ற அந்நியப் பாசியை 1990-களில் மண்டபத்து அரசு ஆய்வு நிலையம் வளர்த்துப் பார்த்தது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் அதை ஒப்பந்த முறையில் மிதவை கட்டி வளர்க்க வைத்தது. சனங்கள் வைத்த பேர் ‘பெப்சி பாசி’. மிதவையில் பெண்களுக்குக் கூலி கிடைத்தது உண்மைதான். ஆனால் 2008-இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் அது படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதுக்கு யாரு அபராதம் கட்டுனா?

நான் வங்கிக் குமாஸ்தா. எங்கள் கிளையில் மிதவைக்குக் கடன் கேட்டால் கோப்பு நகரும். கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண் வந்தால் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதச் சொல்கிறார்கள்.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் கடல் பச்சையானது. பூங்கோரை என்பார்கள். நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி, உடம்புக்குள் பச்சை நுண்பாசியைச் சுமந்துகொண்டு கோடிக்கணக்கில் பெருகியது. அது மடிந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அமோனியா ஏறும். மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. பூங்கோரை முன்பும் வந்ததுதான். ஆனால் ஆழமில்லாத கடலில் சாக்கடையும் உரமும் இறால் பண்ணைக் கழிவும் இறங்க இறங்க நுண்பாசிகளுக்குத் தீனி கூடுகிறது. அந்தச் சத்தை உறிஞ்சிக்கொள்வதில் பெரும்பாசிகளுக்கும் பங்குண்டு. அவற்றைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குச் சண்டையில்லை. கழிவை இறக்குகிறவனை விட்டுவிட்டுப் பாசி எடுக்கிறவளைப் பிடிப்பது என்ன பாதுகாப்பு?

பாறையோட பேர்த்தா அடுத்த மாசம் எதை எடுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-இல் சின்னப்பாலம் லட்சுமிக்கு சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்ததும் இதற்காகத்தான். அமெரிக்காக்காரனுக்குத் தெரிந்தது இங்கே அதிகாரிக்குத் தெரியவில்லை.

‘அவங்க எல்லாம் நம்ம சனமா?’ என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று. தொடாதே, இறங்காதே, உனக்கு அறிவில்லை: இந்த மூன்றும் நாம் கேட்டுப் பழகியவை. 1927-இல் அண்ணல் அம்பேத்கர் மகாட் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல; பொதுத் தண்ணீரில் உரிமையை நிறுவ.

2023-இல் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்குக் கடற்பாசிப் பூங்கா என்று அடிக்கல் நாட்டினார்கள். அதன் நிர்வாகத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்குப் பாதி இடம் கேட்போம். பாசி எடுப்பது தொழில் என்று அரசு எழுத வேண்டும். கழிவுக் குழாய்களை அடைக்க வேண்டும். அப்புறம் வைக்கட்டும், பலகையை.