சலவைக் குளிசை: கையில் உடையக் கூடாது, வாளியில் கரைய வேண்டும்



படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்முறை எனது பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அவரோடு சேர்த்து ஐந்து பெண்கள் சலவைத்தூளை அச்சில் அழுத்திக் குளிசையாக்கி விற்க முயன்றிருக்கிறார்கள். "இறுக்கி அழுத்தினால் வாளியின் அடியில் கல்லுப்போலக் கிடக்கிறது. இளக்கமாக அழுத்தினால் பஸ்ஸில் கொண்டுபோகும்போதே தூளாகி விடுகிறது. நல்ல இயந்திரம் வாங்கினால் சரிவரும், கடன் எடுங்கள் என்கிறார்கள். எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விதான் பெரியது. ஆனால் முதற் சிக்கல் ஏன் வருகிறது என்று விளங்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஓர் ஆறுதல். இது உங்களுக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. 1960களிலேயே அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் 'சால்வோ' என்ற பெயரில் சலவைக் குளிசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது சரியாகக் கரையவில்லை என்ற குறை கடைசிவரை நீங்கவில்லை. பிறகு அது சந்தையை விட்டே போயிற்று. 1998 இல் பிரித்தானியாவில் 'பேர்சில்' குளிசை வந்தபோது, அதனோடு ஒரு சிறு வலைப்பையையும் கொடுத்தார்கள். குளிசையை வலைப்பைக்குள் இட்டு, உடுப்போடு சேர்த்து இயந்திரத்துக்குள் போட வேண்டும். பெரிய ஆய்வுகூடங்கள் வைத்திருப்பவர்களுக்கே இது இலேசான காரியமாக இருக்கவில்லை.

காரணம் என்ன? குளிசை உறுதியாக இருக்க வேண்டுமானால் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பிடிக்க வேண்டும். விரைவாகக் கரைய வேண்டுமானால் துகள்களுக்கு இடையே தண்ணீர் நுழைய வழி இருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது. இதற்கு மேலே இன்னொரு தொல்லையும் உண்டு. சலவைத்தூளில் உள்ள அழுக்கு நீக்கும் பொருள், கொஞ்சத் தண்ணீர் பட்டவுடன் கரைவதற்கு முன் பசைபோலக் கொழகொழப்பாகிறது. அந்தப் பசை குளிசையின் மேற்பரப்பை மூடிவிட, உள்ளே தண்ணீர் போவதில்லை. கோதுமை மாவில் சடாரென்று தண்ணீர் ஊற்றினால் வெளியே நனைந்து உள்ளே உலர்ந்த மாக்கட்டி வருமே, அதே கதைதான்.

இதற்கு விடை நமது அடுப்படியிலேயே இருக்கிறது. புட்டை நினைத்துப் பாருங்கள். குழலிலிருந்து தள்ளும்போது உருளையாக நிற்கிறது. கை பட்டதும் உதிர்கிறது. அதே மாவைத் தண்ணீர் கூட்டிப் பிசைந்து கொழுக்கட்டை பிடித்தால் உதிருமா? இரண்டுக்கும் அரிசி மா ஒன்றுதான். மணிமணியாக இருப்பதும், மணிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதுமே வித்தியாசம். குளிசைக்கும் இதே பதம்தான். மிக நுண்ணிய தூள் இடைவெளிகளை அடைத்துவிடும். எனவே தூளை அரித்து, மாப்போன்ற நுண்தூளை நீக்கி, மணியாக உள்ளதை மட்டும் அச்சில் இடுங்கள்.

தேநீருக்குப் போடும் சீனிக்கட்டியும் இவ்வாறு பிறந்ததுதான். அக்காலத்தில் சீனி பெரிய கூம்புகளாகத்தான் வரும். அதை உடைத்தே பாவிக்க வேண்டும். இன்றைய செக் நாட்டிலுள்ள டாச்சிட்சே என்ற ஊரில் சீனித் தொழிற்சாலை நடத்திய யாக்கூப் கிறிஸ்டோஃப் ராட் என்பவர், 1843 இல் சீனிக்கட்டிக்கான உரிமத்தைப் பெற்றார். கூம்பை உடைக்கும்போது அவரது மனைவி யூலியானாவின் விரல் வெட்டுப்பட்டதாகவும், அவர் கேட்டதாலேயே இந்த யோசனை வந்ததாகவும் சொல்வார்கள். சற்றே ஈரமான சீனியை அச்சில் அழுத்தி உலரவிடுவதுதான் முறை. உலரும்போது மணிகள் தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. இடைவெளி அப்படியே இருக்கிறது. அதனால்தான் கையில் உறுதியான கட்டி, தேநீரில் நொடியில் சரிகிறது.

ஆகவே சகோதரிகளே, பலத்தை மட்டும் நம்பாதீர்கள். இயந்திரம் கூடுதலாக அழுத்தும். ஆனால் பதத்தை அது தராது.

அடுத்தது, கரையத் துணை செய்யும் பொருட்கள். மருந்துக் குளிசை செய்பவர்கள் பச்சை மாப்பொருளைச் சேர்ப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது ஊதி, குளிசையை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கும். நமக்குச் சோளமா அல்லது மரவள்ளி மா போதும். ஆனால் அதைக் காய்ச்சக் கூடாது. கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினால் அது பசை. பிளப்பதற்குப் பதிலாக ஒட்டிவிடும். பச்சையாக, உலர்ந்ததாகச் சேருங்கள்.

டிஸ்பிரின் குளிசை தண்ணீரில் பொங்கிக் கரைவதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பொங்கலையும் நாம் செய்யலாம். அப்பச்சோடாவும் சித்திரிக் அமிலமும் தண்ணீரில் சந்தித்தால் காபனீரொட்சைட்டு வாயு வரும். அது பசைப் படலத்தைக் கிழித்துக் குளிசையை உடைக்கும். சித்திரிக் அமிலம் 10 கிராமுக்கு அப்பச்சோடா ஏறக்குறைய 13 கிராம் என்பது ஒன்றையொன்று முடிக்கும் அளவு. சலவைக்குக் காரத்தன்மை தேவை என்பதால் சோடா சற்றுக் கூடலாம். அமிலம் கூடக் கூடாது.

இங்கே மூன்று எச்சரிக்கை. முதலாவது, ஈரம். இந்த இரண்டும் ஈரக்காற்றிலேயே மெல்ல வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்த வேலையிலிருந்து தண்ணீரும் உண்டாகும். அது இன்னும் வேகமாக்கும். மாரி மழையில் செய்தால் போத்தலுக்குள்ளேயே ஊதிக் கெட்டுவிடும். நமது பகுதியில் கச்சான் காற்று வீசும் உலர்ந்த மாதங்களே இதற்கு உகந்தவை. செய்தவுடன் இறுக மூடும் போத்தலில் போடுங்கள். இரண்டாவது, சவர்க்காரக் கட்டியைச் சீவிக் குளிசை செய்பவர்கள் அமிலத்தைத் தொடவே வேண்டாம். அமிலம் சவர்க்காரத்தை உடைத்துக் கொழுப்பாக்கிவிடும்; உடுப்பில் பிசுக்குத்தான் மிஞ்சும். அவர்கள் சீவலை நன்றாக உலர்த்தி, சலவைச் சோடாவும் பச்சை மாவும் கலந்து, மெல்லிய வில்லைகளாகச் செய்வதே நல்லது. மலிவு என்று உப்பையும் அள்ளிப் போடாதீர்கள். உப்பு சவர்க்காரத்தைக் கரையவிடாது. மூன்றாவது, அமிலம் சேர்ந்த குளிசையை வெளிற்றும் திரவத்தோடோ தூளோடோ கலக்கக் கூடாது. குளோரீன் என்ற நச்சு வாயு வரும். வாங்குபவருக்கும் இதை எழுதிக் கொடுங்கள்.

உருவமும் உதவும். தடித்த ஒரு கட்டியை விட மெல்லிய இரண்டு வில்லைகள் விரைவாகக் கரையும். உளுந்து வடைக்கு நடுவில் துளை இடுவது உள்ளேயும் வேகத்தானே. குளிசைக்கும் ஒரு துளை இட்டால் தண்ணீர் உள்ளிருந்தும் வேலை செய்யும்.

இனித் தண்ணீரைப் பற்றி. வாவியை அண்டிய கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு உண்டு. உவர்நீரிலும் சுண்ணாம்புத்தன்மை கூடிய நீரிலும் சவர்க்காரம் நுரைக்காமல், வெள்ளைத் திட்டாகப் படியும். கப்பற்காரர் கடல்நீரில் தோய்ப்பதற்குத் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தைத்தான் கொண்டுபோவார்கள். மற்ற எண்ணெய்ச் சவர்க்காரங்களை விட அது உப்புநீரில் கூடுதலாக நுரைக்கும். தென்னை நிறைந்த எழுவான்கரைப் பெண்களுக்கு இது பயன்படும் செய்தி. எப்படியானாலும் உங்கள் வீட்டுக் கிணற்றில் மட்டும் பார்த்துவிட்டு விற்கப் போகாதீர்கள். வாங்குபவர்களின் கிணறுகள் நான்கைந்திலிருந்து தண்ணீர் எடுத்துப் பாருங்கள்.

பரீட்சைக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு மணிக்கூடும் ஒரு கொப்பியும் போதும். இடுப்பளவு உயரத்திலிருந்து சீமெந்து நிலத்தில் பத்துக் குளிசைகளைப் போட்டு, எத்தனை உடைகிறது என்று எழுதுங்கள். ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் இட்டு, கலக்காமல் எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கறுப்புத் துணியால் வடித்தால் கரையாதது வெள்ளையாகத் தெரியும். பாதியைப் போத்தலிலும் பாதியைத் திறந்த தட்டிலும் இரண்டு கிழமை வைத்து, மீண்டும் அதே பரீட்சைகளைச் செய்யுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாவையும் அழுத்தத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று எப்படி அறிவீர்கள்?

வாவியை மறந்துவிடாதீர்கள். நாம் தோய்த்து ஊற்றும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் போகிறது. முகத்துவாரம் மணலால் மூடியிருக்கும் காலத்தில் அது கடலுக்கும் போவதில்லை. சலவைத்தூளில் சேர்க்கும் பொசுபேற்று பாசிக்கு உரம். வட அமெரிக்காவின் ஈரி ஏரி பாசியால் நாறியதைக் கண்டபின், 1972 இல் கனடாவும் அமெரிக்காவும் அதைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்தன. மீனும் இறாலும் நம்பி வாழும் குடும்பங்கள் நாம். பொசுபேற்று இல்லாத பொருளையே வாங்குங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னொரு வார்த்தை. இனிப்பைப் போன்ற நிறமும் வடிவமும் வேண்டாம். 2012 இல் அமெரிக்காவில் வண்ணச் சலவைப் பொதிகள் வந்தபின், இனிப்பென்று நினைத்துக் கடித்த குழந்தைகள் பலர் வைத்தியசாலைக்குப் போனார்கள். யாரும் விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாயைக் கழுவி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். செய்யும்போது கையுறையும் மூக்கு மறைப்பும் அவசியம். எரிசோடாவைக் குளிசைக்குள் சேர்க்கவே கூடாது.

சரி, கடன் எடுக்கலாமா? எனது பதில்: இப்போது வேண்டாம். நுண்கடன் நமது பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 இல் வரட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. இயந்திரம் பதத்தைத் தராது என்று மேலே சொன்னேன். பதம் பிடிபடாமல் இயந்திரம் வாங்கினால், கரையாத குளிசைகளை இன்னும் வேகமாகச் செய்வீர்கள். தவணை நாள் மட்டும் தவறாமல் வரும்.

அதற்காகத் தொழிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிலோக் கணக்கில் விற்கும் தூளோடு விலையில் போட்டியிட நம்மால் முடியாது. நாம் விற்பது அளவை. 'ஒரு வாளிக்கு ஒரு குளிசை' என்றால் அள்ளிக் கொட்டி வீணாக்குவதில்லை. 2021 இல் உணவும் மருந்தும் தவிர்ந்த சிறிய சஷே பைக்கற்றுகள் தடைசெய்யப்பட்டன. அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்கும் பெண்ணுக்குச் சிறிய அளவு இன்னும் தேவைதான். கடதாசியில் சுற்றிய ஒரு குளிசை அந்த இடத்தை நிரப்பலாம். கையச்சால் நூறு செய்து, அயலில் இருபது வீட்டுக்குக் கொடுத்து, இரண்டாம் முறை காசு கொடுத்துக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூலப்பொருள், கடதாசி, பஸ் காசு, ஐந்து பேரின் கூலி எல்லாவற்றையும் கூட்டிய பிறகே விலை போடுங்கள். உங்கள் கூலியை விட்டுவிட்டு வரும் இலாபம் இலாபமல்ல. கடைக்குக் கொடுக்கத் தொடங்கினால் எடை, விலை, தயாரித்த திகதி எல்லாம் உறையில் இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு மூன்று மாதம் தொடர்ந்து சரிவந்தால், இயந்திரத்தைப் பற்றி ஐந்து பேருமாக இருந்து பேசலாம். அதற்குள் கொப்பியில் எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். எந்தக் கிணற்றில் எத்தனை நிமிடம் என்பது மற்றச் சகோதரிகளுக்கும் உதவும். அடுத்த இதழில், மாரிக்குள் பொருட்களை ஈரம் படாமல் காப்பது எப்படி என்று பார்ப்போம்.