முள்ளிவாய்க்காலுக்கு வந்த படகு

2024 டிசம்பர் 19 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. எங்கட சனம் சாப்பாடும் தண்ணியும் குடுத்தது. ஆர், என்ன சமயம் எண்டு கேட்டுப்போட்டுக் குடுக்கேல்லை.

பிறகு திருகோணமலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். திருப்பி அனுப்பும் பேச்சும் எழுந்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை, உண்மைதான். ஆனால் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1994இல் சேர்ந்தது. சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு ஆளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

"எங்களுக்கே காணியில்லை, இதுக்குள்ள அவையுமோ?" எண்டு எங்களுக்குள்ளயும் சிலர் கேட்கினம். கேப்பாப்பிலவுச் சனம் 2017இல் றோட்டில இருந்து காணி கேட்டது ஆரிட்டை? ரோஹிங்கியாக்களிட்டயா?

2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் கனடாவுக்குப் போனபோது, அங்கேயும் 'ஆட்கடத்தல், பயங்கரவாதம்' என்றுதான் பேசினார்கள். எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் 2019இல், உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் இருக்க முடியாமல்போன பாகிஸ்தான், ஆப்கான் அகதிகளைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, வவுனியாவிலும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வெட்கம் எங்களுடையது.

2009இல் மெனிக் பாம் முள்வேலிக்குள் கிடந்த சனம் நாங்கள். படைமுகாம் அகதிக்கான இடமில்லை எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. அண்டைக்குக் கரையில சோறு குடுத்த சனத்தின்ர நியாயம் போதும். அதைத்தான் அரசிடமும் கேட்கிறோம், எங்களிடமும் கேட்கிறோம்.