12 வருஷ ரம் கல்லீரலுக்கு நல்லதா?

போன வாரம் ஓ.பி.யில் ஒருத்தர். நாற்பது வயசு இருக்கும். கண்ணு மஞ்சள், கால் வீக்கம், வயித்துல நீர் கோத்திருக்கு. குடிப்பீங்களான்னு கேட்டேன். "குடிப்பேன் சார். ஆனா கண்ட சரக்கையும் தொடமாட்டேன். வருஷக்கணக்கா ஊற வெச்ச ரம் மட்டும்தான்"னார். குரலில் ஒரு பெருமை. அந்தப் பெருமையைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

கிளியனூர் திண்டிவனம் - பாண்டி ரோட்டில் இருக்கு. கொஞ்ச தூரத்துல எல்லை. அந்தப் பக்கம் விலை கம்மி, பாட்டில் வகையும் அதிகம். அதனால எங்க பக்கம் ரம் பத்திப் பேசுற எல்லாருமே பாதி நிபுணர்தான்.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். நல்ல ரம் ருசியா இருக்கும். நண்பர் வீட்டில் ஒரு தடவை 12 வருஷ ரம் ரெண்டு மடக்கு குடிச்சிருக்கேன். வெல்லப்பாகு, வாழைப்பழம், கொஞ்சம் வனிலா வாசம். தொண்டையில எரியவே இல்ல. இதுல பொய் எதுவும் கிடையாது. கரும்புச் சக்கைப்பாகைப் புளிக்க வெச்சுக் காய்ச்சி, ஓக் மரப்பீப்பாயில போட்டா, மரத்துல இருந்துதான் அந்த வனிலா வாசமும் நிறமும் இறங்குது. ஸ்காட்லாந்து குளிர்ல பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகும். நம்ம நாட்டு வெயில்ல அது பல மடங்கு. அதனால அங்க 12 வருஷமும் இங்க 12 வருஷமும் ஒண்ணு இல்ல. இன்னொண்ணு, கறுப்பா இருந்தா பழசுன்னு அர்த்தமில்ல. நிறத்துக்காக கேரமல் சேர்க்கிறது சகஜம். பாட்டிலுக்குள்ள வந்துட்டா அதோட வயசும் நின்னுடும். தாத்தா பீரோவில் 20 வருஷம் வெச்ச ரம், வாங்கின அன்னிக்கு எப்படியோ அப்படித்தான்.

இதெல்லாம் நாக்குக்கான விஷயம். இப்ப கல்லீரல் கணக்குக்கு வாங்க.

1954ல வந்த ஓல்ட் மங்க்கை எடுத்துக்குங்க. நம்ம ஊர்ல ரம்னா பலருக்கு அதுதான். 42.8 சதவீதம் ஆல்கஹால். ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லியில சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். பத்து மடங்கு விலையுள்ள ரம்லயும் சதவீதம் அதேன்னா, கிராமும் அதேதான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. சொல்லப்போனா எரியாத சரக்குதான் ஆபத்து. எரிஞ்சா ரெண்டோட நிறுத்துவீங்க, வழுக்கிக்கிட்டு இறங்கினா நாலாவது எப்ப போச்சுன்னே தெரியாது. நல்ல சரக்குக்கு மறுநாள் தலைவலி வராதுங்கறதும் தப்பு. மரத்துல ஊறின கறுப்புச் சரக்குல தலைவலியைக் கூட்டுற பொருட்கள் அதிகம்.

போட்டிகள்ல ரம்மை ருசி பார்த்து மார்க் போடுற நடுவர்கள் என்ன செய்வாங்க தெரியுமா? வாயில வெச்சு, சுழட்டி, பக்கத்துல இருக்கிற பாத்திரத்துல துப்பிடுவாங்க. ருசி பார்க்க விழுங்கணும்னு அவசியமே இல்ல.

நாக்கை நம்பறதோட இன்னொரு முனை எங்களுக்குப் பக்கத்துலேயே நடந்தது. 2023 மே, மரக்காணம் எக்கியார்குப்பம். அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சி. அங்க யாரும் வனிலா வாசம் தேடிக் குடிக்கல. கைக்கு எட்டின விலைக்குக் குடிச்சாங்க. மெத்தனாலை ருசியிலயோ வாசனையிலயோ பிரிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை வருஷம் குடிச்ச நாக்கா இருந்தாலும் சரி. உடம்புல அது ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பை அழிக்கும். பல மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். குடிச்ச மறுநாள் பார்வை மங்குச்சு, வயித்துவலி, மூச்சு வாங்குதுன்னா, போதை தெளியட்டும்னு படுக்க வைக்காதீங்க. உடனே தூக்கிட்டு வாங்க. போலீஸ் கேஸாகும்னு பயந்து காத்திருந்தா பார்வை போயிடும், உயிரும் போகலாம்.

தினம் குடிக்கிறவங்க இதைப் படிச்சுட்டு நாளைக்கே திடீர்னு நிறுத்தாதீங்க. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். அரசு மருத்துவமனைக்கு வாங்க, மாத்திரை கொடுத்து நிறுத்த வைப்போம்.

இப்பல்லாம் நான் என்ன பிராண்டுன்னு கேக்கறதில்ல. எத்தனை மில்லி, எத்தனை வருஷமான்னு மட்டும் கேக்கறேன். அவர் கணக்கு: ஒரு நாளைக்கு ஒரு குவாட்டர், பதினாலு வருஷம். விழுப்புரத்துக்கு ரெஃபர் பண்ணியிருக்கேன். கிளம்பும்போது வாசல்ல நின்னு கேட்டார்: "வீட்ல ஒரு பாட்டில் பிரிக்காம இருக்கு சார், விலை ஜாஸ்தி. என்ன பண்றது?" கூட வந்த மனைவி, "அதை நான் பார்த்துக்கறேன்"னாங்க.