இருபது நிமிட உறக்கம் சலுகையன்று, சிகிச்சை

எங்கள் உறக்க நோய்ப் பிரிவுக்கு வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பள்ளியில் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர். வகுப்பில் உறங்கியதற்காக நின்றபடியே பாடம் கேட்கும் தண்டனையை அவள் பலமுறை பெற்றிருந்தாள். நின்ற நிலையிலும் கண்கள் செருகின. தோழியருடன் வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால்கள் துவண்டு அமர்ந்துவிடுவாள். அதனை நடிப்பு என்றனர். இரவெல்லாம் கைப்பேசி பார்க்கிறாளோ எனப் பெற்றோரும் ஐயுற்றனர். ஓர் இரவு முழுவதும் நடந்த உறக்கப் பரிசோதனையும், மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கவைத்துச் செய்த பரிசோதனையும் அவளுக்கு நார்கோலெப்சி நோய் இருப்பதைக் காட்டின.

இது சோம்பலும் அன்று, மனத்திட்பக் குறைவும் அன்று. விழிப்பை நிலைநிறுத்தும் ஹைப்போகிரெட்டின் என்னும் பொருளைச் சுரக்கும் மூளை உயிரணுக்கள் அழிவதே, சிரிக்கும்போது தசைகள் தளரும் வகை நார்கோலெப்சிக்குக் காரணம். அப்பொருள் கண்டறியப்பட்டதே 1998ஆம் ஆண்டில்தான். பலருக்கு இந்நோய் வளரிளம் பருவத்தில், பொதுத்தேர்வுகள் நெருங்கும் காலத்தில் தலைகாட்டுகிறது. அழிந்த உயிரணுக்களை மீட்கும் மருத்துவம் இன்றில்லை. மருந்துகள் விழிப்பைக் கூட்டுமேயன்றிக் குறையை முழுவதும் ஈடுசெய்வதில்லை. ஆகவே, பகலில் குறித்த வேளையில் 15 முதல் 20 நிமிடம் உறங்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அவ்வுறக்கத்துக்குப்பின் குழந்தை சிறிது நேரமேனும் தெளிவுடன் பாடம் கேட்க இயலும்.

“ஒருவருக்கு அனுமதித்தால் எல்லாரும் கேட்பார்களே” என்று பள்ளிகள் தயங்குவதுண்டு. பார்வை குறைந்த மாணவன் கண்ணாடி அணிவதால் வகுப்பு முழுவதும் கண்ணாடி கேட்பதில்லை. நீரிழிவுள்ள குழந்தை இன்சுலின் போட்டுக்கொள்ள நேரம் தரும் பள்ளி, இக்குழந்தைக்கு ஓய்வறையில் ஒரு கட்டிலை மறுப்பது எவ்வகையில் முறையாகும்?

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நோயைப் பள்ளிக்குச் சொல்லாமல் மறைப்போர் பலர். பெண் குழந்தையாயின், நாளை திருமணப் பேச்சில் இது தடையாகுமோ என்னும் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அவ்வச்சத்தை நாங்கள் அறிவோம். ஆயினும் மறைப்பதன் விலையைச் செலுத்துவது குழந்தையே. ஆய்வகத்தில் எரியும் விளக்கின் முன்னும் நீச்சல் குளத்திலும் திடீரென உறங்கினாலோ தசை தளர்ந்தாலோ, அருகிலிருப்போர் செய்வதறியாது திகைப்பர்.

எனவே, மருத்துவரிடம் கடிதம் ஒன்று பெற்றுத் தலைமையாசிரியரை நேரில் சந்தியுங்கள். நோயின் பெயர், உறங்க வேண்டிய வேளை, தசை தளர்ந்தால் செய்ய வேண்டிய உதவி, ஆய்வகத்திலும் நீரிலும் உடனிருந்து காக்க வேண்டியதன் தேவை, தேர்வின் இடையே ஓய்வு வேண்டுமெனில் அதற்கான வேண்டுகோள் ஆகியவை அதில் இடம்பெறட்டும். தவறவிட்ட பாடக்குறிப்புகளைத் தர ஒரு தோழியை வகுப்பாசிரியர் அமர்த்தலாம். ஆசிரியர் மாறும் ஒவ்வொரு கல்வியாண்டிலும் கடிதத்தைப் புதுப்பியுங்கள்.

அம்மாணவி இப்போது மதிய உணவுக்குப்பின் 20 நிமிடம் உறங்குகிறாள். அவளது நோய் நீங்கவில்லை. ஆனால் சிரிப்பதற்கு அவள் அஞ்சுவதில்லை. விழுந்தால் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்பதைத் தோழியர் அறிந்திருக்கின்றனர்.