பொம்மை கொடுத்த மூதாட்டி

என் மூத்த மகள் மருத்துவமனைத் தொடர் நாடகங்களை விரும்பிப் பார்ப்பவள். அண்மையில் ‘ஹவுஸ்’ என்னும் அமெரிக்கத் தொடரில், 2004இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, “நிஜத்திலும் இப்படித்தான் கண்டுபிடிப்பார்களா, வாப்பா?” என்று கேட்டாள்.

மகப்பேற்றுப் பிரிவில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து நோயுறுகின்றன. மருத்துவர் மருந்துகளை மாற்றிப் பார்க்கிறார். ஒரு குழந்தை இறக்கிறது. இறுதியில் எக்கோ வைரஸ்தான் காரணம் எனத் தெரிகிறது. பொம்மைகள் கொடுத்துவரும், இருமல் உள்ள மூதாட்டி ஒருவர் அதைப் பரப்பியவராகக் காட்டப்படுகிறார்.

நோயின் தேர்வில் பிழையில்லை. அவ்வைரஸ் பிறந்த குழந்தைகளின் இதயத்தையும் கல்லீரலையும் கடுமையாகத் தாக்கக்கூடியது. ஆனால் பிரசவத்தின்போது தாயிடமிருந்தே குழந்தைக்குத் தொற்றுவது இதில் அதிகம். கழுவாத கைகள் வழியாகவும் பரவும். விசாரணையோ ஒரு மேதையின் திடீர் ஞானத்தால் முடிவதில்லை. எவரை நோயாளியாகக் கணக்கிடுவது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். எவர் எந்நாளில் நோயுற்றார் என்று பட்டியலிட வேண்டும். அதே அறையில் இருந்தும் நோயுறாத குழந்தையோடு ஒப்பிட வேண்டும். நாடகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த ஒப்பீட்டைத்தான். இத்தனையும் செய்த பிறகும் மூலம் தெரியாமலேயே முடியும் விசாரணைகள் பல.

நாடகத்திற்கோ ஒரு குற்றவாளி வேண்டும். எய்ட்ஸ் நோயின் தொடக்ககால ஆய்வொன்றில், கலிஃபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்பதைக் குறிக்க ஒரு நோயாளிக்கு ‘ஓ’ என்ற எழுத்து இடப்பட்டது. அது பூஜ்ஜியமாக வாசிக்கப்பட்டது. கனடா நாட்டு விமானப் பணியாளரான அவர், இறந்த பின்னர் அமெரிக்காவிற்கே நோயைக் கொண்டுவந்தவராகத் தூற்றப்பட்டார். 1987இல் வந்த ஒரு நூலும், அதைத் தழுவிய 1993ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படமும் அக்கதையைப் பரப்பின. 2016இல்தான் மரபணு ஆய்வு அவரை அப்பழியிலிருந்து விடுவித்தது.

2020 ஏப்ரல் மாதத்தை நம் குடும்பங்களில் எவரும் மறந்திருக்க மாட்டோம். டெல்லி மாநாட்டிற்குச் சென்று வந்தவர்கள் பரிசோதனைக்கு வருமாறு அழைக்கப்பட்டனர், வந்தனர். எவரை மிகுதியாகச் சோதிக்கிறோமோ அவரிடையேதான் தொற்றும் மிகுதியாகத் தென்படும். அன்று பொதுமக்களில் சோதிக்கப்பட்டவர் மிகச் சிலரே. இவ்வொப்பீட்டைச் செய்யாமல் தொலைக்காட்சி விவாதங்கள் ஒரு சமுதாயத்தையே மூலமாக்கின. அந்நாளில் அவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடியதைத் தவிர்த்திருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கூடியவர்கள் அவர்கள் மட்டுமல்லர். அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே கருத்துரைத்தது. அச்செய்திக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினார்கள்?

இவற்றையெல்லாம் மகளிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தாள்.

“அப்படியென்றால், அந்தப் பாட்டிக்கு யாரிடமிருந்து தொற்றியது, வாப்பா?”

“நாடகம் அதைக் கேட்கவில்லையேம்மா” என்றேன்.