கிணற்றுக்குரிய சிகிச்சை கர்ப்பிணிக்கா?

சுன்னாகம் அனல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து அயற்கிராமக் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு அந்நிலையத்தை இயக்கிய நோதேர்ன் பவர் நிறுவனத்துக்கு இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ஆணையிட்டது. இழப்பீடு கெட்ட நீரைத் திருத்திவிடாதாகையால், எந்த மூலிகையை அருந்தினால் வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தீங்கு வராது என்னும் வினா தாய்மாரிடம் எழுவது இயல்பே.

கிணற்றில் நெல்லிக்கட்டை இடுவதும், மட்குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளியவைப்பதும் நம் முன்னோரின் அநுபவ ஞானம். அதை நாம் பரிகசிக்கவில்லை. ஆயினும் தேத்தாங்கொட்டை அடியிற் படியச் செய்வது மிதக்கும் மண்துகளையே. நீரிற் கரைந்துவிட்ட நைத்திரேற்று அதற்குக் கட்டுப்படாது; ஈயத்தை நீக்கவும் அதை நம்பியிருக்க முடியாது. பசளையும் மலசலகூடக் குழிகளும் சுன்னாகம் அடங்கிய வலிகாமத்து நீருக்கு ஊட்டும் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லையை மீறுமிடத்து, அந்நீரிற் கரைத்த புட்டிப்பாலை அருந்தும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பூக்கலாம். கொதிக்கவைத்தாலோ, நீர் ஆவியாக, நைத்திரேற்றின் செறிவு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

நெல்லியும் மஞ்சளும் ஈயத்தின் கேட்டை எலிகளில் ஓரளவு தணித்ததாக ஆய்வுகள் உண்டு. எலிக்கு அளந்து கொடுத்த சாற்றை ஆதாரமாக்கிக் கர்ப்பிணிக்குச் சூரணம் விற்பது வியாபாரமேயன்றி வைத்தியம் அன்று. கர்ப்பகாலத்தில் கற்றாழை முதலியவற்றை விலக்கச் சொல்வதும் நம் வைத்திய மரபேயல்லவா? சில மருந்துச் சரக்குகளில் ஈயமே கலந்திருப்பதும் பல நாடுகளிற் கண்டறியப்பட்டிருக்கிறது. முருங்கைக்கீரையும் நெல்லிக்கனியும் உணவாக வரட்டும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சுமாதலால் போஷாக்குக்குப் பிரயோசனமுண்டு. ஆனால் அழுக்காக்கியவன் செய்யவேண்டிய பரிகாரத்தைக் கருவுற்றவளின் கோப்பைக்கு மாற்றுவது அநியாயம்.

ஆகவே, எண்ணெய், ஈயம், நைத்திரேற்று மூன்றுக்கும் கிணறு கிணறாகப் பரிசோதனை நடத்தி, பெறுபேற்றை வீட்டாரிடம் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். நீர் கெட்ட கிணறுள்ள வீடுகளுள் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ளவற்றுக்கு, குழாய்நீர் வரும்வரை, பவுசர் நீரை முதலில் அனுப்பவேண்டும். மாரிமழையைச் சேமிக்கும் தொட்டிகளுக்கும் அரசு மானியம் அளிக்கவேண்டும். சித்த வைத்தியர்களும், தாம் கொடுக்கும் மருந்து கிணற்றுநீருக்கு மாற்றாகாது என்பதைத் தம்மிடம் வரும் தாய்மாருக்கு வாய்திறந்து சொல்லவேண்டும்.