ஐந்து ஸ்வரம், நான்கு கம்பி

மும்பையில் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் எட்டு வருடம் ஒரு பேஸ் கிட்டார் சாய்ந்து கிடந்தது. என் மகனுடையது. கல்லூரியில் படிக்கும்போது டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கினான். அது வீட்டுக்கு வந்த அன்று நான் சொன்னதை அவன் மறந்திருக்க மாட்டான். “ஆறு கம்பி கிட்டார் என்றாலாவது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இது யார் காதிலும் விழாது. இதற்குப் போய் காசைக் கொட்டுவானேன்?” அவன் பதில் சொல்லவில்லை. 2014-ல் வேலை கிடைத்து பெங்களூர் போனபோது கிட்டாரை எடுத்துப் போகவில்லை.

2022-ல் நான் ஓய்வு பெற்றேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது, “யாருக்காவது கொடுத்துவிடலாமா?” என்றாள் மனைவி. உறையைத் திறந்து தடித்த கம்பியை ஒரு தடவை இழுத்துவிட்டேன். காதில் அவ்வளவாக விழவில்லை. மார்பெலும்பில் விழுந்தது.

அந்தக் கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கையடக்க டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெரியாது. அதாவது, இளையராஜாவின் பாட்டுகளை டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்த என் தலைமுறை, பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறது. பாடகருக்குக் கீழே இன்னொரு பாட்டாக சசிதரனின் பேஸ் ஓடிக்கொண்டிருந்தது நல்ல ஹெட்போன் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். யார் காதிலும் விழாது என்று மகனிடம் சொன்னபோது குறை வாத்தியத்தில் இல்லை, என் வானொலிப் பெட்டியில்.

பாந்த்ராவில் ஒரு வாத்தியார் கிடைத்தார். கோவாக்காரர், வயது 74. ஹோட்டல் பாண்டுகளிலும் ஹிந்தி சினிமா ரிக்கார்டிங்குகளிலும் வாசித்தவர். எந்த கேசட் உறையிலும் தன் பெயர் வந்ததில்லை என்பார், வருத்தமில்லாமல். எல்லோருக்கும் அவர் அங்கிள். எனக்கும்தான்.

முதல் பாடம், ஐந்தாவது ஃப்ரெட். தடித்த ஈ கம்பியில் 5, 8. மற்ற மூன்று கம்பிகளிலும் 5, 7. கம்பிக்கு இரண்டு ஸ்வரம், அவ்வளவே. இதற்கு ஏ மைனர் பென்டடானிக் என்று பெயர். “இந்த எட்டு இடத்தை விட்டு விரல் வெளியே போகாதவரை நீ தப்பே செய்ய முடியாது, மேன்” என்றார். காரணம் எளிது. ஏழு ஸ்வர மேஜர் ஸ்கேலில் ‘ம’வும் ‘நி’யும் பக்கத்து ஸ்வரத்தோடு அரை ஸ்வர இடைவெளியில் உரசிக்கொண்டு நிற்பவை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சமுள்ள ஐந்துக்குள் சண்டை கிடையாது.

வீட்டுக்கு வந்து அதே ஸ்வரங்களை ஸியிலிருந்து ஆரம்பித்து மெதுவாக ஏறினேன். சமையலறையிலிருந்து மனைவி, “மோகனம் மாதிரி இருக்கே” என்றாள். மாதிரி என்ன, ஸ ரி க ப த, மோகனமேதான். அதே ஐந்தை டியிலிருந்து ஆரம்பித்தால் மத்யமாவதி. ஈயிலிருந்து ஹிந்தோளம். ஜியிலிருந்து சுத்த சாவேரி. ஏயிலிருந்து சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று நம் வித்வான்கள் கச்சேரியில் செய்து கைதட்டல் வாங்குவது இதைத்தான்.

அடுத்த வகுப்பில் இதை அங்கிளிடம் பெருமையாக ஒப்பித்தேன். அவருக்கு ராகப் பெயர் ஒன்றும் தெரியாது. “நீ உன் ஐந்தை வாசித்துக்கொண்டே இரு” என்று சொல்லிவிட்டு, தன் பேஸை எடுத்து ஸியை மட்டும் மீட்டினார். மோகனம் கேட்டது. நான் நிறுத்தவில்லை, எதையும் மாற்றவும் இல்லை. அவர் ஸியை விட்டு ஏக்கு இறங்கினார். என் விரலில் இருந்த மோகனம் அந்தக் கணமே சுத்த தன்யாசியாகிவிட்டது. வெயிலடித்த அறையில் ஜன்னலைச் சாத்தினாற்போல.

“மேலே இருப்பவன் ஆயிரம் ஸ்வரம் வாசிக்கட்டும். அது என்ன பாட்டு என்பதைக் கீழே நிற்பவன்தான் சொல்கிறான்” என்றார்.

நம் தம்புரா ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையை, பேஸ் இடம் மாறி மாறிச் செய்கிறது. நாலு கம்பியின் அதிகாரம் இதுதான். ஓடுவதில் இல்லை, எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது.

அப்படியானால் ஃபில் எதற்கு? நாலு தட்டு கொண்ட வரிகள் நாலு. பாடகர் மூச்சு வாங்கும் இடம் பெரும்பாலும் நாலாவது வரியின் கடைசி இரண்டு தட்டு. அந்த இடைவெளியில் அடுத்த ஊருக்கு வழி சொல்வதுதான் ஃபில். ஏயில் இருக்கிறோம், அடுத்த வரி டியில் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ, ஜி, ஏ, ஸி என்று அரைத் தட்டு அரைத் தட்டாக ஏறி, முதல் தட்டில் டி. நம் கணக்கில் ப நி ஸ க, பிறகு ‘ம’வில் இறக்கம். மிருதங்கக்காரர் கோர்வை வைத்துச் சமத்தில் வந்து விழுவதற்கும் இதற்கும் வித்தியாசம் அளவில் மட்டும்தான். கோர்வை தப்பினால் சபையில் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். ஃபில் தப்பினால் ஆடிக்கொண்டிருப்பவர்கள் கால் இடறும்.

இடறியது. எங்கள் கட்டடத்தின் கிறிஸ்துமஸ் விழாவில் பையன்கள் பாண்டில் பேஸ் வாசிக்க ஆளில்லை. “அங்கிள், நீங்க வாங்க” என்றார்கள். நானும் அங்கிளாகிவிட்டேன். மூன்று பாட்டு பத்திரமாகப் போயிற்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நாலாவது பாட்டில் அது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தட்டு இடைவெளியில் எட்டு இடத்தையும் ஒரே மூச்சில் ஏறி இறங்கினேன். ஒரு ஸ்வரமும் தப்பில்லை, பென்டடானிக் ஆயிற்றே. ஆனால் இறங்கியது அரைத் தட்டு தாமதமாக. டிரம்ஸ் பையன் எனக்காகத் தயங்கினான். பாடிய பெண் யாரை நம்புவது என்று தெரியாமல் அடுத்த அடியை விழுங்கினாள். அன்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அங்கிள் திட்டவில்லை. 1964-ல் அமெரிக்காவின் மோடவுன் கம்பெனி வெளியிட்ட ‘மை கேர்ள்’ பாட்டைப் போட்டார். கிட்டாரில் ராபர்ட் ஒயிட் கீழிருந்து மேலே ஏறுகிறார். சுத்தமான மோகன ஆரோகணம். அதற்கு முன்பே, பாட்டின் முதல் ஒலியாக ஆரம்பித்துவிடுகிறது ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ். விரல்விட்டு எண்ணக்கூடிய ஸ்வரங்கள், நடுவில் தாராளமான காலி இடம். இதே ஜேமர்சன் வேறு பாட்டுகளில் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்கள் திகைக்கும்படி ஓடியவர். ஓடத் தெரிந்தவர் இங்கே நிற்கிறார். மோடவுன் கம்பெனி இசைத்தட்டு உறையில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிடத் தொடங்கியது 1971-ல்தான். 1983-ல் 47 வயதில் அவர் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000-ல்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஃபில் கிடையாது. கம்பியை அடக்கப் பழகினேன். பேஸ் கம்பியை மீட்டிவிட்டுச் சும்மா இருந்தால் அது பாட்டுக்கு முழங்கிக்கொண்டே இருக்கும். மௌனம் வேண்டுமென்றால் அதையும் விரலால்தான் வாசிக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் ஆபீஸ் மீட்டிங்குகளில் கிடைத்த இடைவெளியை எல்லாம் பேசி நிரப்பியவனுக்கு இது சுலபமாக வரவில்லை.

போன தீபாவளிக்கு மகன் வந்தான். சொல்லாமல் அவன் சாமானை எடுத்துவிட்டேன் என்கிற கூச்சம் எனக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழைய பாட்டைப் போட்டு, கூடவே வாசித்தேன். சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ஏதாவது சொல்லப் போகிறான் என்று எதிர்பார்த்தேன். பாட்டு முடிந்த பிறகுதான் கேட்டான்.

“பல்லவிக்குத் திரும்பற இடத்துல, கடைசி ரெண்டு தட்டுல ஏம்ப்பா ஒண்ணும் வாசிக்கல?”

“வேணாம்னு தோணிச்சு.”

“அது எனக்கு மூணு வருஷம் வரவே இல்ல” என்றான்.

2009-ல் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அவன் கையை நீட்டினான். கொடுத்தேன். சுருதி பார்த்தான், ஜி கம்பியைக் கொஞ்சம் முறுக்கினான். கம்பியெல்லாம் துரு, மாத்தணும்ப்பா என்றான். புதிய செட் விலை கேட்டு அசந்துபோனேன். வாங்கிவிட்டேன்.